கோதண்டபாணி சார் குரல் தெளிவான கதை

சென்ற மாதம் எங்கள் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு போன் வந்தது. இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் என்ஜினீயர் அம்மா பேசினார். டவுன்ஷிப் தொலைபேசியில் ஒலிக்கும் பதிவுக் குரல்களை எல்லாம் எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரே செய்து தரும் குரலைப் போடப் போகிறார்களாம். எடுப்பதற்கு முன் பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டிருக்கிறார். "அந்தக் காலத்துல ஸ்டுடியோகூட இல்லாம எப்படி சார் இவ்வளவு தெளிவா எடுத்தீங்க?" என்றார். அந்தக் காலமாம்! நேற்று நடந்ததுபோல் இருக்கிறது எனக்கு. தெளிவாக எடுத்ததுதானம்மா எங்களுக்கு வந்த வம்பே என்றேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள், இங்கே எல்லோரும் படிக்கிறோம் என்றார். சும்மா இருப்பவனிடம் இப்படிச் சொன்னால் விடுவேனா, உட்கார்ந்துவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை யாருக்கும் வேண்டாம். எல்லோரையும் போலத்தான் சேர்ந்தேன். கேபிள் குழியில் இறங்கினேன், கம்பம் ஏறினேன், மூன்று ஷிப்டும் பார்த்தேன். காதாலேயே கோளாறு கண்டுபிடிப்பவன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. லைனில் இரைச்சல் என்று புகார் வந்தால், மழைத் தண்ணீர் இறங்கிய ஜாயிண்டா, எர்த் சரியில்லையா, எலி கடித்ததா என்று ரிசீவரைக் காதில் வைத்தே சொல்லிவிடுவேன். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் எலி மேல் பழியைப் போட்டுவிடுவேன். எலி வந்து மறுத்ததில்லை.

என் சர்வீஸின் கடைசி சில வருடங்களில் எக்ஸ்சேஞ்சைப் புதிதாக மாற்றினார்கள். அதுவரை குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் ஆம்புலன்ஸ் வேண்டுமென்றாலும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், கரண்ட் போய்விட்டது என்றாலும் ஆபரேட்டரைத்தான் கூப்பிட வேண்டும். ஆபரேட்டர் என்றால் மேரி அக்கா. என்னைவிட இளையவர்தான், ஆனால் டவுன்ஷிப்புக்கே அக்கா. போன் செய்தவர் குரலை வைத்தே எந்த பிளாக், யார் வீடு என்று சொல்லிவிடுவார். அவர் குரல் கேட்டால் யாரும் சட்டென்று விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். பையன் பரீட்சை, மாமியார் முட்டிவலி எல்லாம் பேசி முடித்துக் கடைசியில்தான் குழாயில் தண்ணீர் வராதது ஞாபகம் வரும்.

புதிய ஏற்பாட்டில் ஆபரேட்டர் கிடையாது. பதிவுக் குரல் பேசும். ஆம்புலன்ஸுக்கு எண் ஒன்றை அழுத்தவும், தண்ணீருக்கு இரண்டு, மின்சாரத்துக்கு மூன்று. முதலில் எங்கள் பிளாக்கில் மட்டும் சோதனை. மாதக் கடைசியில் மேரி அக்கா உட்காரும் ஸ்விட்ச் போர்டை மூடிவிட்டு, அவரை ஆஸ்பத்திரி வரவேற்புக்கு மாற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாருக்கு எது என்றாலும் அந்தக் குரல்தான் கதி.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் எங்கள் மேலதிகாரி கோதண்டபாணி சார். அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் பிரிவுக்கு வருவதற்கு முன்னால் கம்பெனிச் சுரங்கத்தில், அதாவது மைன்ஸில், பாதுகாப்புப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவர். மைன்ஸில் ஷிப்ட் தொடங்கும்போது எல்லோரும் வரிசையாக நின்று வலது கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வேண்டும். ஒலிபெருக்கியில் சார் ஒரு துண்டு சொல்லி நிறுத்துவார். கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். அடுத்த துண்டு, மறுபடி கூட்டம். எல்லாம் முடிந்ததும், "நன்றி. கைகளை இறக்கலாம்" என்பார். அவர் அப்படிச் சொல்லாமல் ஒரு கை இறங்காது. ஒரு முறை அந்த வாக்கியத்துக்கு முன்னால் மைக் செத்துப்போய், ஆள் ஓடி வந்து சொல்கிற வரைக்கும் ஒரு ஷிப்டே கையை நீட்டிக்கொண்டு நின்றது என்று கேள்வி. நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

மற்றபடி தங்கமான மனுஷன். யாரையும் திட்டியதில்லை. அதிருப்தி என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். துடைப்பு நீள நீள நாம் செய்த தப்பை நாமே தேட ஆரம்பித்துவிடுவோம். எல்லோரும் அவருக்கு மிஸ்டர்தான், பியூன் உட்பட. புதிய எக்ஸ்சேஞ்சுக்குப் பதிவுக் குரல் வேண்டும் என்றதும், வெளியே ஆள் தேடுவானேன், நானே பேசுகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தைரியம்?

முதல் பதிவு படுமோசம். அவருடைய அறையிலேயே, மின்விசிறி ஓட, ஜன்னலுக்கு வெளியே கம்பெனி பஸ் உறும எடுத்தது. போனில் கேட்டால் யாரோ கிணற்றுக்குள் உட்கார்ந்து வடை சுடுவது போலிருந்தது. பிளாக்கில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒன்று, யாரோ என்னமோ சொல்கிறார்கள் என்று குத்துமதிப்பாகப் பட்டனை அழுத்தினார்கள். தண்ணீருக்கு ஆம்புலன்ஸ் வந்தது, கரண்டுக்குத் தண்ணீர்க்காரர் வந்தார். ஏதோ ஒன்று வந்தது. சார் கண்ணாடியை நெடுநேரம் துடைத்துவிட்டு, "மிஸ்டர் பழனி, குவாலிட்டியை சரி பண்ணுங்க. உங்க பொறுப்பு" என்றார்.

எனக்கு அந்தப் பொறுப்பு வீட்டுப் பக்கத்திலும் இருந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் தனபால் என்று ஒருவன், மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்ப்பவன், கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவன் மனைவி செல்வி முழுகாமல் இருந்தாள். மாதக் கடைசியில் நாள் குறித்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் ஊரில். தனபால் தினமும் வேலியோரம் வந்து நின்று, "சார், போன் பண்ணா ஆம்புலன்சு வந்துடுமில்ல?" என்று கேட்பான். மேரி அக்கா இருக்கும்வரை கவலை இல்லை, இந்தப் புதுப் பெட்டியை நம்பலாமா என்பதுதான் அவன் பயம். நான் வாக்குக் கொடுத்தேன். பழைய நம்பரை மறந்துவிடு, புது நம்பரில் கூப்பிடு, ஒன்றை அழுத்து, அடுத்த நிமிஷம் வண்டி கிளம்பும் என்றேன். கொடுத்த பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதனால் வேலையில் முழுமூச்சாக இறங்கினேன். பின்கட்டில் ஜன்னலே இல்லாத ஸ்டோர் ரூம் ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து, பண்ருட்டியிலிருந்து இலவம்பஞ்சு மெத்தைகள் வாங்கி வந்து நாலு சுவரிலும் சாத்தினேன். பஞ்சு இருந்தால் குரல் சுவரில் மோதித் திரும்பாது. மின்விசிறி கூடாது. டியூப் லைட்டின் சோக் ஒரு முனகல் முனகும், அதனால் அதுவும் கூடாது, மேஜை விளக்கு மட்டும். 'ப' வருகிற இடமெல்லாம் மைக்கில் காற்று மோதிப் பட் பட் என்று வெடித்தது. சாருக்கு எடுத்ததும் "பாதுகாப்பே நமது முதல் கடமை" என்று சொல்லியாக வேண்டும், ஆகவே முதல் எழுத்திலேயே வெடி. என் மனைவி பூவேலை செய்யும் வளையத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் வைத்தேன், வெடி நின்றது. வளையம் எங்கே என்று வீட்டில் ஒரு வாரம் தேடினார்கள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

சார் பேச வருவதே ஒரு சடங்கு. மிளகு போட்ட வெந்நீர் குடிப்பார். ஷூவைக் கழற்ற மாட்டார், உட்கார மாட்டார். மைக்குக்கு முன் விறைப்பாக நின்று, ஒரு துண்டு சொல்லி நிறுத்துவார். "மருத்துவமனை, ஆம்புலன்ஸ் சேவைக்கு." நிறுத்தம். "எண் ஒன்றை அழுத்தவும்." நிறுத்தம். அந்த இடைவெளிகளை வெட்டிவிடலாம்தான். கேட்பவர்களுக்கு யோசிக்க அவகாசம் கிடைக்குமே என்று நானே விட்டுவைத்தேன். அந்த வெக்கையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். இன்னொரு முறை எடுக்கலாமா சார் என்றால், எத்தனை முறை கேட்டாலும் சரி என்பார். மெத்தைகளுக்கு நடுவே அவரை அப்படி நிறுத்தி வைத்திருந்ததை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

எடுத்த பிறகும் வேலை இருக்கிறது. தொலைபேசிக் கம்பி மனிதக் குரலின் நடுப்பகுதியை மட்டும்தான் கொண்டுபோகும். அடித்தொண்டைக் கனத்தையும் உச்சியில் வரும் ஸ், ஷ் சத்தத்தையும் வாசலிலேயே நிறுத்திவிடும். ஆகவே கனத்தை நாமே முதலில் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது இடத்தை அடைத்துக்கொண்டு குரலை மூட்டமாக்கும். நடுவுக்கு மேலே கொஞ்சம் தூக்கிவிட்டால் எழுத்துகள் தனித்தனியாக விழும். வாக்கியக் கடைசியில் சாருக்குக் குரல் இறங்கும், 'அழுத்தவும்' என்பது 'அழு'வோடு நின்றுபோகும். அந்த இடங்களைத் தேடித் தேடி ஏற்றினேன். அதன் பிறகே எக்ஸ்சேஞ்சுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றுவது. கடைசியாக, நல்ல ஹெட்போனில் கேட்டு ஏமாறக் கூடாது. நீளமான லைனின் கடைசியில் இருக்கும் பழைய போனில் கேட்க வேண்டும். கேட்டேன். சார் என் காதுக்குள் நின்று பேசினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

புதுப் பதிவைப் போட்டதும் பிளாக்கில் யாரும் சிரிக்கவில்லை. கூடவே யாரும் பட்டனையும் அழுத்தவில்லை. போன் வருகிறது, குரல் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை போகிறது, மறுபடி ஆரம்பத்திலிருந்து போகிறது, கடைசியில் லைன் துண்டிக்கப்படுகிறது. எண் எதுவும் அழுத்தப்படவில்லை என்று மெஷின் காட்டியது. பழைய கிணற்றுக் குரலே தேவலாம் என்ற கதியாகிவிட்டது. இன்னும் தெளிவு போதவில்லை என்றார் சார். இன்னும் தெளிவாக்கினேன். இன்னும் மோசமானது. போனில் பட்டன் கெட்டிருக்கும் என்று வீடு வீடாகப் பார்த்தோம், நன்றாக இருந்தது. பட்டன் விஷயத்தில் எலி மேல் பழி போடவும் வழியில்லை.

மேரி அக்காவுக்குக் கொண்டாட்டம். போர்டு மூடுகிறவரை பழைய நம்பரும் ஓடிக்கொண்டிருந்ததால், புதிதில் தோற்றவர்கள் எல்லாம் அவரிடம்தான் வந்தார்கள். "பழனி, உன் மிஷினுக்குப் போயிட்டு எங்கிட்ட வர்றவங்க எல்லாம் மூச்சு வாங்கறாங்கப்பா. ஒருத்தர் 'உறுதி கூறுகிறேன்'னு சொல்லிட்டுத்தான் குழாய் ரிப்பேர்னு சொல்றாரு" என்றார். அவர் எப்போதும் என்னைக் கிண்டல் செய்பவர். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

மாதக் கடைசி நெருங்கியது. அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். முதல் வாய் சோறு உள்ளே போகவில்லை, பக்கத்து வீட்டில் செல்வி அலறும் சத்தம் கேட்டது. அதோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் கேட்டது. தனபால் உரக்க, நிறுத்தி நிறுத்தி ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தான். கை கழுவாமல் ஓடினேன்.

செல்வி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். தனபால் போன் மேஜைக்கு முன்னால் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். இடது கையில் ரிசீவர். வலது கை நேராக முன்னால் நீண்டிருந்தது. முகமெல்லாம் வியர்வை. "குடிநீர்க் குழாய்ப் புகாருக்கு" என்றான். ஒரு கணம் கேட்டான். "எண் இரண்டை அழுத்தவும்" என்றான்.

"ஒன்ன அமுத்துய்யா!" என்று செல்வி கத்தினாள்.

அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். ரிசீவரின் வாயைத் தோளில் பொத்திக்கொண்டு, "ஐயா பேசிகினு இருக்காரு செல்வி" என்றான்.

எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் விளங்கியது. டவுன்ஷிப்பில் பாதிப் பேர் மைன்ஸ் ஆட்கள். ஷிப்ட் தவறாமல் கேட்ட குரல். கிணற்றுக்குள்ளிருந்து வந்தபோது அது யாரோ. நான் அதைத் துடைத்துத் துலக்கி, சாரையே கொண்டுபோய் வீட்டுக்குள் நிறுத்திவிட்டேன். ஒரு கையில் ரிசீவர், இன்னொரு கை நீட்டியாக வேண்டும். பட்டனை எந்தக் கையால் அழுத்துவான்? பாய்ந்து போய் நானே ஒன்றை அழுத்தினேன். "ஆஸ்பத்திரி" என்றது மறுமுனை. விலாசத்தைச் சொன்னேன். வண்டி வந்தது. அதுவரை நீண்டே இருந்த தனபாலின் கையை நான்தான் பிடித்து இறக்கிவிட வேண்டியிருந்தது.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இன்னும் சில நாளில் மேரி அக்காவும் போர்டில் இருக்க மாட்டார். இதைச் சாரிடம் சொல்லியே ஆக வேண்டும். வருஷக்கணக்காகப் பார்த்த வேலையில் இதைவிடக் கஷ்டமான வேலை எனக்கு வந்ததில்லை. ஒருவரிடம் போய், உங்கள் குரலில் குறையே இல்லை, அதுதான் குறை என்று எப்படிச் சொல்வது?

எப்படியோ சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போகலாம் மிஸ்டர் பழனி" என்று எழுந்துவிட்டார்.

பிரசவ வார்டில் தனபால் அவரைப் பார்த்ததும் குழந்தைத் துணிகளைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றான். ஏம்ப்பா, பட்டனை அழுத்துவதற்கென்ன என்று சார் மெதுவாகத்தான் கேட்டார்.

"பதட்டத்துல ஒன்னுமே புரியலீங்கய்யா. உங்க கொரலு கேட்டதும் கை தன்னால போயிடுச்சி. நீங்க முடிச்சதும் அமுத்தலாம்னு பாத்துகினு இருந்தேன். 'கைகளை இறக்கலாம்'னு நீங்க சொல்லவே இல்லீங்களே."

சாருடைய காதுமடல் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். கட்டிலில் படுத்திருந்த செல்விக்கு மைன்ஸும் தெரியாது, உறுதிமொழியும் தெரியாது, அதிகாரி என்றால் எழுந்து உட்காரும் நிலையிலும் அவள் இல்லை.

"வலியெடுத்து உழுந்து கெடக்கறேன், அந்த ஆளு பாதுகாப்பு கடமைன்னு பாடம் நடத்திகினு இருக்காரு. ஆம்புலன்சு வேணுமா, ஒன்ன அமுத்து. அவ்ளோதானே? இத சொல்ல எம்மா நேரம்?" என்றாள். அந்த ஆள் தன் எதிரிலேயே நிற்பது அவளுக்குத் தெரியாது. தனபால் கண்ணை மூடிக்கொண்டான்.

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சார் கட்டிலருகே போனார். "அம்மா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். அவள் இன்னொரு தடவை சொன்னாள், முன்பைவிடக் கோபமாக. பக்கத்துக் கட்டில் பெண்ணின் விரல் போர்வைமேல் தன்னால் ஒரு அழுத்து அழுத்தியதை நானும் சாரும் பார்த்தோம்.

அன்று சாயங்காலமே சார் தன் மேலிடத்துக்குப் போய், பதிவில் தவறு, தவறு தன்னுடையது, ஆபரேட்டர் போர்டை இன்னும் ஒரு மாதம் மூட வேண்டாம் என்று கேட்டு வாங்கி வந்தார். மேரி அக்காவையே பேசச் சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. "என் கொரல் கேட்டா பட்டன அமுத்த மாட்டாங்கப்பா, எப்படி இருக்கேன்னுதான் கேப்பாங்க" என்று அவரே மறுத்துவிட்டார். செல்வி உடம்பு தேறியதும், தனபால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர, மெத்தை அறைக்கு வந்தாள். எழுதிக் கொடுத்ததை அவள் படிக்கவில்லை. "ஆம்புலன்சுன்னா ஒன்ன அமுத்துங்க. தண்ணின்னா ரெண்டு. கரண்டுன்னா மூணு. போதுமா?" என்றாள். அந்தப் 'போதுமா'வை மட்டும் வெட்டினேன். இடையில் நிறுத்தமே இல்லை, திருப்பிச் சொல்ல யாருக்கும் மூச்சு கிடைக்காது. மறுநாள் முதல் ஆட்கள் அவள் முடிப்பதற்குள் அழுத்தினார்கள். ஏன் என்று கேட்டால், அழுத்தாவிட்டால் அந்தப் பொம்பளை திட்டும்போல இருக்கிறதே என்றார்கள்.

ஆனால் சார் அடங்கிப்போய்விட்டார். எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கி, "நம்ம குரலை எங்கேயும் வைக்க முடியாதா மிஸ்டர் பழனி?" என்று கேட்டார். ஒரு அதிகாரி கேட்பது போல் இல்லை அது. யோசித்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் கேட்கும் லைன் எப்போதும் பிஸியாக இருக்கும். ஆட்கள் பொறுமையில்லாமல் வைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப அடித்து அதை இன்னும் அடைத்துவிடுவார்கள். ஒரு பட்டனையும் அழுத்தாமல் சும்மா நிற்க வேண்டிய இடம் எக்ஸ்சேஞ்சிலேயே அது ஒன்றுதான். சாரை மறுபடி மெத்தைகளுக்கு நடுவே நிறுத்தி, "இணைப்பில் காத்திருக்கவும்" என்று சொல்ல வைத்தேன். இருந்த வித்தையை எல்லாம் காட்டி அந்த இரண்டு வார்த்தையைத் துலக்கினேன். அதற்குப் பிறகு அந்த லைனில் ஒருவர்கூட நடுவில் போனை வைக்கவில்லை. நீளமானாலும் நின்றார்கள், முறை வந்ததும் பேசினார்கள். அதற்குள் ஆஸ்பத்திரி வரவேற்புக்கு மாறியிருந்த மேரி அக்காவே, இப்படி ஒழுங்காக நிற்கிற ஜனங்களைத் தான் பார்த்ததில்லை என்றார்.

சில வாரம் கழித்து ஒரு காலை, ஏதோ வேலையாகச் சாரின் அறைக்குள் போனேன். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். மேலிடத்திலிருந்து யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பப் போனேன். கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"பல் டாக்டர் லைன் பிஸி. காத்திருக்கச் சொல்லுது" என்றார்.

"உக்காந்துகிட்டே காத்திருக்கலாமே சார்" என்றேன்.

சார் நாற்காலியைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உட்காரத்தான் போனார். அதற்குள் ரிசீவரில் அந்தக் குரல் மறுபடி ஒலித்திருக்க வேண்டும், பாதியில் நிமிர்ந்துவிட்டார். நான் கதவருகே போய் நின்றேன். டாக்டர் லைன் கிடைக்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.